கணையப் புற்றுநோய் ஆபரேஷனுக்குப் பின்: இன்டர்நெட் காட்டும் எண்ணைப் படிப்பது எப்படி?

வீட்டிற்குக் கம்ப்யூட்டரும் இன்டர்நெட் இணைப்பும் வந்தவுடன் ரயில் டிக்கெட், தேர்வு முடிவு, பட்டா நகல், மின் கட்டணம் என்று ஒவ்வொன்றாகத் தேடிப் பழகுகிறோம். வீட்டில் ஒருவருக்குப் பெரிய நோய் என்று தெரிந்தால், அன்று இரவே அந்த நோயின் பெயரையும் தேடல் கட்டத்தில் டைப் செய்து விடுகிறோம். ரயில் நேரத்தைத் தவறாகப் படித்தால் ஒரு பயணம் கெடும். நோய் பற்றிய எண்ணைத் தவறாகப் படித்தால் எடுக்க வேண்டிய சிகிச்சையே பாதியில் நின்று போகலாம்.

மேல்மலையனூரில் ஒரு குடும்பம் என்று வைத்துக் கொள்வோம். அப்பாவுக்குக் கணையத்தில் புற்றுநோய். ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பி விட்டார். அடுத்து கீமோதெரபிக்கு வரும்படி டாக்டர் சொல்லியிருக்கிறார். மகன் புதுக் கம்ப்யூட்டரில் தேடுகிறார். "ஐந்து ஆண்டு உயிர் வாழ்வோர் 13 சதவீதம்" என்று திரையில் வருகிறது. "அப்படியென்றால் இனி எதற்குச் செலவு, எதற்கு அலைச்சல்?" என்ற எண்ணம் வந்து விடுகிறது. ஆனால் அந்த 13, ஆபரேஷன் முடிந்து கீமோவுக்குக் காத்திருக்கும் அந்த அப்பாவைப் பற்றிய எண் இல்லை. பின் யாரைப் பற்றியது? அவருக்குப் பொருந்தும் எண்ணை எவை மாற்றுகின்றன? இதில் நம் வீட்டுக் கம்ப்யூட்டர் என்ன உதவி செய்யும்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

13 யாருடைய எண்?

அமெரிக்காவில் கணையப் புற்றுநோய் எனக் கண்டறியப்பட்டவர்களில் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் வாழ்பவர்கள் சுமார் 13 சதவீதம் என்று அந்நாட்டுப் புற்றுநோய் அமைப்புகள் கூறுகின்றன. இதில் எல்லா நோயாளிகளும் அடக்கம். கண்டுபிடித்த நாளிலேயே நோய் கல்லீரலுக்குப் பரவியிருந்தவர்களும் உண்டு. எந்தச் சிகிச்சையும் எடுக்க முடியாத முதியவர்களும் உண்டு.

கணையம் வயிற்றுக்குள் இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டி இருக்கிறது. அங்கே வளரும் கட்டி வெகு நாள் வரை வெளியே தெரிவதில்லை. எனவே நோய் தெரிய வரும்போது நூற்றில் 15 முதல் 20 பேருக்குத்தான் நேரடியாக ஆபரேஷன் செய்ய முடிகிறது. ஆபரேஷன் முடிந்தவர் இந்தச் சிறு கூட்டத்தைச் சேர்ந்தவர். எல்லோரையும் சேர்த்துப் போட்ட கணக்கை இவருக்குப் பொருத்துவது சரியாகாது.

இரண்டாவது ஒரு சிக்கலும் உண்டு. ஐந்து ஆண்டுக் கணக்கு சொல்ல வேண்டுமானால், ஐந்து ஆண்டுகளுக்கு முன் சிகிச்சை பெற்றவர்களைத்தான் எண்ண வேண்டும். ஆகவே நீங்கள் பார்க்கும் எண் எப்போதும் பழைய சிகிச்சையின் எண். அந்தப் பக்கம் எந்த ஆண்டில் எழுதப்பட்டது என்பதை முதலில் பாருங்கள். ஆண்டு இல்லாத பக்கத்தை மூடி விடலாம்.

என்ன ஆபரேஷன் செய்கிறார்கள்?

கட்டி கணையத்தின் தலைப்பகுதியில் இருந்தால் செய்வது விப்பிள் ஆபரேஷன். 1909ல் பெர்லினில் வால்தர் காஷ் என்ற மருத்துவர் இதன் முதல் வடிவத்தைச் செய்து காட்டினார். 1935ல் நியூயார்க்கில் ஆலன் விப்பிள் இதனை விரிவாக வெளியிட்டதால் அவர் பெயரே நிலைத்து விட்டது. கணையத்தின் தலை, அதனை ஒட்டிய முன்சிறுகுடல், பித்தப்பை, பித்தநாளத்தின் ஒரு பகுதி, சிலருக்கு இரைப்பையின் ஒரு பகுதி ஆகியவற்றை நீக்குவார்கள். பிறகு மீதமுள்ள கணையம், பித்தநாளம், இரைப்பை மூன்றையும் சிறுகுடலுடன் இணைப்பார்கள். கட்டி வால்பகுதியில் இருந்தால் அந்தப் பகுதியையும், பெரும்பாலும் மண்ணீரலையும் நீக்குவார்கள்.

நோயின் பெயர் ஒன்று, முடிவுகள் மூன்று

உலகம் அறிந்த மூவர் கணையத்தில் ஆபரேஷன் செய்து கொண்டவர்கள். முதல் இருவர் கம்ப்யூட்டர் உலகைச் சேர்ந்தவர்கள்.

ரேண்டி பாஷ், அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் பேராசிரியர். மாணவர்கள் புரோகிராமிங் கற்க உதவும் ஆலிஸ் என்ற சாப்ட்வேர் திட்டத்தை நடத்தியவர். 2006 செப்டம்பரில் அவருக்கு விப்பிள் ஆபரேஷன் நடந்தது. 2007 செப்டம்பரில் அவர் ஆற்றிய கடைசிச் சொற்பொழிவை இன்டர்நெட்டில் கோடிக்கணக்கானோர் பார்த்தனர். 2008 ஜூலையில் 47 வயதில் காலமானார். ஆபரேஷனுக்குப் பின் அவர் வாழ்ந்தது 22 மாதங்கள்.

ஆப்பிள் நிறுவனத்தின் ஸ்டீவ் ஜாப்ஸுக்கு 2003 அக்டோபரில் கட்டி கண்டுபிடிக்கப்பட்டது. 2004 ஜூலை இறுதியில் ஆபரேஷன். மருத்துவமனையிலிருந்தே தன் லேப்டாப் மூலம் ஊழியர்களுக்கு இமெயில் அனுப்பி இதனைத் தெரிவித்தார். 2011 அக்டோபர் 5ல் காலமானார். ஏழு ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார்.

அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க் 2009 பிப்ரவரியில் ஆபரேஷன் செய்து கொண்டார். வழக்கமான பரிசோதனையில் எடுத்த ஸ்கேனில் சுமார் 1 சென்டிமீட்டர் கட்டி தெரிந்ததால் சீக்கிரமே பிடிபட்டது. 2020 செப்டம்பரில், 87 வயதில் காலமானார். பதினொரு ஆண்டுகளுக்கு மேல், கடைசி வரை நீதிபதியாகவே பணியாற்றினார்.

பாஷுக்கு வந்தது அடினோகார்சினோமா. கணையப் புற்றுநோய்களில் பத்தில் ஒன்பது பங்கு இந்த வகைதான். வேகமாகப் பரவுவதும் இதுதான். ஜாப்ஸுக்கு வந்தது நியூரோஎண்டோகிரைன் கட்டி. ஹார்மோன் சுரக்கும் செல்களில் தோன்றும் இது பொதுவாக மெதுவாக வளரும். கின்ஸ்பர்க்கின் கட்டி மிகச் சிறியதாக இருந்தது. "கணையப் புற்றுநோய்" என்று மட்டும் டைப் செய்தால் தேடு இயந்திரத்துக்கு இந்த வேறுபாடு தெரியாது. நாம்தான் சொல்ல வேண்டும்.

மீடியன்: ஒரு சிறு பயிற்சி

மருத்துவக் கட்டுரைகளில் "மீடியன் சர்வைவல் 22 மாதம்" என்பது போல அடிக்கடி வரும். இதனைப் படித்தவுடன் "22 மாதம்தான்" என்று பலர் முடிவு கட்டி விடுகிறார்கள். மீடியன் என்பது நடு எண். பாதிப் பேர் அதற்குக் குறைவாகவும், பாதிப் பேர் அதற்கு மேலும் வாழ்ந்தனர் என்பதே பொருள். அதற்கு மேல் என்றால் எவ்வளவு மேல் என்பதை மீடியன் சொல்லாது.

இதனை நீங்களே செய்து பார்க்கலாம். இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் தொகுப்பில் கால்க் புரோகிராமைத் திறந்திடுங்கள். முதல் நெட்டு வரிசையில் ஒன்றன்கீழ் ஒன்றாக 5, 8, 11, 14, 18, 22, 26, 35, 52, 88, 118 என்று டைப் செய்திடுங்கள். இவை பயிற்சிக்காக நாம் எழுதிய எண்கள். 11 பேர் வாழ்ந்த மாதங்கள் என்று வைத்துக் கொள்வோம். பக்கத்திலுள்ள காலி செல் ஒன்றில் கிளிக் செய்து, இன்சர்ட் மெனுவில் பங்ஷன் என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஸ்டாட்டிஸ்டிக்கல் பிரிவில் மீடியன் இருக்கும். அதனைத் தேர்ந்தெடுத்து நெக்ஸ்ட் தட்டி, எண்கள் உள்ள செல்களை மவுஸால் இழுத்துத் தேர்வு செய்து, ஓகே தட்டுங்கள். விடை 22. வேறு ஒரு செல்லில் இதே போல ஏவரேஜ் போட்டுப் பாருங்கள். 36 வரும்.

ஏன் இந்த வித்தியாசம்? பட்டியலின் கடைசியில் உள்ள மூவர் 52, 88, 118 மாதங்கள் வாழ்ந்திருக்கிறார்கள். இந்த நீண்ட வாலை மீடியன் காட்டுவதில்லை. 118ஐ 200 என்று மாற்றிப் பாருங்கள். ஏவரேஜ் ஏறும், மீடியன் 22லேயே நிற்கும்.

இதனைத் தன் வாழ்க்கையிலேயே உணர்ந்தவர் அமெரிக்க உயிரியல் அறிஞர் ஸ்டீபன் ஜே கூல்ட். 1982ல் அவருக்கு வயிற்று உறையில் வேறு ஒரு கொடிய புற்றுநோய் வந்தது. மீடியன் எட்டு மாதம் என்று நூலகத்தில் படித்தார். தன் வயது, நோயின் நிலை, கிடைக்கும் சிகிச்சை ஆகியவற்றைக் கணக்கிட்டுத் தான் அந்த நீண்ட வாலில் இருக்க வாய்ப்பு உண்டு என்று முடிவு செய்தார். 1985ல் இதைப் பற்றியே கட்டுரை எழுதினார். அவர் இறந்தது 2002ல். காரணம் அந்தப் பழைய நோய் அல்ல.

படிக்கட்டு போன்ற கிராப்

மருத்துவக் கட்டுரையைத் திறந்தால் படிக்கட்டு போல இறங்கும் ஒரு கிராப் இருக்கும். இதற்குக் கேப்லன் மையர் கிராப் என்று பெயர். 1958ல் எட்வர்ட் கேப்லன், பால் மையர் என்ற இருவர் இதனை வெளியிட்டனர். கேப்லன் அப்போது பெல் டெலிபோன் ஆய்வுக்கூடத்தில் இருந்தார். கடலுக்கடியில் போடும் டெலிபோன் கேபிள்களில் உள்ள வெற்றிடக் குழாய்கள் எத்தனை காலம் உழைக்கும் என்பதே அவருடைய கேள்வி. மையர் நோயாளிகளைப் பற்றி யோசித்தார். இரண்டுக்கும் ஒரே கணக்கு பயன்பட்டது.

செஞ்சியில் ராஜகிரிக் கோட்டை மேலிருந்து இறங்குவதை நினைத்துக் கொள்ளுங்கள். உச்சி என்பது 100 சதவீதம், ஆபரேஷன் நடந்த நாள். ஒருவர் இறக்கும்போது கோடு ஒரு படி இறங்கும். முதல் இரண்டு ஆண்டுகளில் படிகள் செங்குத்தாக இருக்கும். போகப் போகச் சரிவு குறையும். ஏனெனில் இந்த நோய் திரும்ப வருவதானால் பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் வந்து விடுகிறது. இரண்டு ஆண்டுகளை நோயின்றிக் கடந்தவருடைய வாய்ப்பு, ஆபரேஷன் அன்று இருந்ததை விட நல்ல நிலையில் இருக்கும்.

கோட்டின் மேல் சிறு சிறு குறுக்குக் கோடுகள் தெரியும். அவை அதற்குப் பின் தகவல் தெரியாத நோயாளிகள். ஆய்வு முடியும் நாளில் உயிருடன் இருந்தவர்களும், பரிசோதனைக்கு வருவதை நிறுத்தியவர்களும் இதில் சேர்வார்கள்.

வாய்ப்பை மாற்றும் காரணங்கள்

இனி முக்கியமான பகுதி. ஆபரேஷனில் எடுத்த திசுவைப் பரிசோதித்து மருத்துவமனை ஒரு பயாப்சி ரிப்போர்ட் தரும். கீழே உள்ளவற்றில் முதல் நான்கும் அந்த ரிப்போர்ட்டில் இருக்கும். அதனைக் கையில் வைத்துக் கொண்டு படியுங்கள்.

1. கட்டி தோன்றிய இடம். கணையத்தின் தலைக்கு அருகே, பித்தநாளம் சிறுகுடலில் திறக்கும் வாயில் தோன்றும் ஆம்புல்லா புற்றுநோய்க்கும் இதே விப்பிள் ஆபரேஷன்தான். அந்த இடத்தில் கட்டி சிறிதாக இருக்கும்போதே மஞ்சள் காமாலை வந்து காட்டிக் கொடுத்து விடும். எனவே அவர்களுடைய வாய்ப்பு கணையத்தில் தோன்றியதை விட நன்றாக இருக்கும். நம் நாட்டில் விப்பிள் ஆபரேஷன் செய்து கொள்பவர்களில் கணிசமானோர் இந்த வகையினர்.

2. கட்டியின் அளவும் தன்மையும். 2 சென்டிமீட்டர் வரை டி1. 4 வரை டி2. அதற்கு மேல் டி3. பெரிய ரத்தக் குழாய்களைச் சூழ்ந்திருந்தால் டி4. செல்கள் எந்த அளவு உருமாறியுள்ளன என்பதை கிரேடு காட்டும். கிரேடு கூடினால் வேகம் கூடும்.

3. நெறிக்கட்டிகள். நிணநீர் முடிச்சுகளில் நோய் இல்லை என்றால் என்0. ஒன்று முதல் மூன்று வரை இருந்தால் என்1. நான்கும் அதற்கு மேலும் என்2. எத்தனை முடிச்சுகளை எடுத்துப் பரிசோதித்தார்கள் என்பதும் முக்கியம். குறைந்தது 12 முதல் 15 வரை பார்த்திருந்தால்தான் "நோய் இல்லை" என்ற சொல்லை நம்ப முடியும்.

4. வெட்டிய ஓரம். எடுத்த திசுவின் ஓரத்தில் புற்றுநோய்ச் செல்கள் இல்லை என்றால் ஆர்0. மைக்ராஸ்கோப்பில் மட்டும் தெரிந்தால் ஆர்1. கண்ணுக்கே தெரியும்படி கட்டி மீந்திருந்தால் ஆர்2. ஆர்0 கிடைத்தவர்களின் வாய்ப்பு கூடுதல்.

5. சிஏ 19-9 என்ற ரத்தப் பரிசோதனை. ஆபரேஷனுக்குப் பின் இது இயல்பு நிலைக்கு இறங்குவது நல்ல அடையாளம். ஆனால் மஞ்சள் காமாலை இருக்கும்போது இது பொய்யாகவும் உயரும். சிலருடைய உடலில் இந்தப் பொருள் பிறவியிலேயே சுரப்பதில்லை. ஆகவே ஒரே ஒரு எண்ணைப் பார்த்து மகிழவோ அஞ்சவோ வேண்டாம். எப்படி ஏறி இறங்குகிறது என்று பாருங்கள்.

6. ஆபரேஷன் செய்யும் மருத்துவமனையின் அனுபவம். அமெரிக்காவின் மெடிகேர் நோயாளிகளை வைத்து 2002ல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று உண்டு. கணைய ஆபரேஷன் அபூர்வமாகவே நடக்கும் மருத்துவமனைகளில் ஆபரேஷனை ஒட்டி இறந்தவர்கள் 16.3 சதவீதம். ஆண்டுக்கு 16க்கு மேல் நடக்கும் இடங்களில் 3.8 சதவீதம். பல முறை செய்த கைகளும், சிக்கல் வந்தால் உடனே கண்டுபிடிக்கும் குழுவும்தான் இதற்குக் காரணம். கணையத்தையும் குடலையும் இணைத்த இடத்தில் கசிவு ஏற்படுவது மருத்துவர்கள் அஞ்சும் சிக்கல். கசிவு நீடித்தால் உடல் தேற நாளாகும்; கீமோதெரபியும் தள்ளிப் போகும்.

7. கீமோதெரபி. ஆபரேஷன் முடிந்த குடும்பங்கள் கவனிக்க வேண்டிய காரணம் இதுதான். மேலே உள்ளவை நடந்து முடிந்தவை. இது இனி செய்யக் கூடியது. ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் நடந்த ஆய்வில் ஆபரேஷன் மட்டும் செய்து கொண்டவர்களில் ஐந்து ஆண்டு வாழ்ந்தவர்கள் 10.4 சதவீதம். அதன் பின் ஜெம்சைடபின் மருந்தும் எடுத்தவர்களில் 20.7 சதவீதம். இதன் நீண்ட கால முடிவு 2013ல் வெளியானது. அடுத்து பிரான்சிலும் கனடாவிலும் 493 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. ஃபோல்பிரினாக்ஸ் என்ற மருந்துக் கூட்டைச் சற்று மாற்றி எடுத்தவர்களில் ஐந்து ஆண்டு வாழ்ந்தவர்கள் 43 சதவீதம். ஜெம்சைடபின் மட்டும் எடுத்தவர்களில் 31 சதவீதம். இது 2022ல் வெளியானது. இந்த ஆய்வில் நல்ல உடல் தெம்பு உள்ளவர்களையே சேர்த்தார்கள் என்பதை மறக்கக் கூடாது, மருந்தும் கடுமையானது. யாருக்கு எது தாங்கும் என்பதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். திரையில் பார்த்த 13 எங்கே, இந்த 43 எங்கே என்று பாருங்கள்.

"ஆபரேஷன் முடிந்து ஆறு வாரம் ஆகியும் அப்பா தேறவில்லையே, கீமோ நேரம் தவறி விட்டதா?" என்று பலர் பயப்படுகிறார்கள். ஐரோப்பிய ஆய்வு ஒன்றின் கணக்கை 2014ல் மறுபடி ஆராய்ந்தபோது, சீக்கிரம் தொடங்குவதை விட ஆறு சுற்றுகளையும் முடிப்பதே அதிகப் பயன் தந்தது எனத் தெரிந்தது. உடல் தேற 12 வாரம் வரை எடுத்துக் கொண்டவர்களும் பயன் பெற்றனர். பாதியில் விடாமல் இருப்பதுதான் முக்கியம்.

8. உடல் தெம்பும் உணவும். கணையம் குறைந்து விட்டால் உணவைச் செரிக்கும் என்சைம் குறையும். மலம் எண்ணெய்ப் பசையுடன் மிதந்தாலோ, நன்றாகச் சாப்பிட்டும் எடை குறைந்தாலோ டாக்டரிடம் சொல்லுங்கள். உணவுடன் சேர்த்து விழுங்கும் என்சைம் மாத்திரை இருக்கிறது. இன்சுலின் சுரப்பும் குறைவதால் சர்க்கரை நோய் புதிதாக வரலாம். எடை குறைந்து கொண்டே போனால் கீமோவைத் தாங்க முடியாமல் நிறுத்த வேண்டி வரும். மண்ணீரல் நீக்கப்பட்டவர்கள் தடுப்பூசி பற்றிக் கேளுங்கள்; காய்ச்சல் வந்தால் ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம். புகைப்பவர்கள் நிறுத்தி விட வேண்டும்.

நம் பக்கத்தில் எங்கே செல்வது?

ஆபரேஷன் இனிமேல்தான் என்றால் ஆறாவது காரணத்தை மறுபடி படியுங்கள். மேல்மலையனூர், செஞ்சிப் பக்கத்தில் இருப்பவர்கள் திண்டிவனம் வழியே சென்றால், புதுச்சேரிக்குள் நுழையுமுன் கோரிமேட்டிலேயே ஜிப்மர் இருக்கிறது. அங்கே வயிறு, குடல் ஆபரேஷனுக்கெனத் தனித் துறையும், புற்றுநோய் மையமும் உள்ளன. வடக்கே போனால் வேலூர் சி.எம்.சி. சென்னையில் ஸ்டான்லி அரசு மருத்துவமனை, சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரே ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954ல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மையம் ஆகியவை உள்ளன.

எங்கே சென்றாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "இங்கே ஆண்டுக்கு எத்தனை விப்பிள் ஆபரேஷன் நடக்கிறது?" இதனைக் கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால், அந்த மருத்துவமனையில் இந்த ஆபரேஷனுக்கும் கீமோவுக்கும் அது செல்லுமா என்று காப்பீட்டுப் பிரிவில் முன்பே விசாரித்துக் கொள்ளுங்கள்.

இன்னொரு டாக்டரின் கருத்தும் வேண்டும் என்றால் எல்லா நேரமும் பஸ் ஏற வேண்டியதில்லை. மும்பை டாடா நினைவு மருத்துவமனையும் தேசியப் புற்றுநோய் கூட்டமைப்பும் இணைந்துள்ள நவ்யா என்ற இணைய சேவையில், ரிப்போர்ட்டுகளை அப்லோட் செய்து வல்லுநர் கருத்தைப் பெறலாம்.

கம்ப்யூட்டருக்குக் கொடுக்க வேண்டிய வேலை

டெஸ்க்டாப்பில் "அப்பா மருத்துவம்" என்று ஒரு போல்டர் உருவாக்குங்கள். அதற்குள் ஸ்கேன், ரத்தம், பயாப்சி, டிஸ்சார்ஜ், பில் என ஐந்து போல்டர்கள். ரிப்போர்ட்டுகளை ஸ்கேன் செய்தோ, செல்போனில் படம் எடுத்தோ இவற்றில் போடுங்கள். பைல் பெயரை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தொடங்குங்கள். அப்படிச் செய்தால் கம்ப்யூட்டரே தேதி வாரியாக அடுக்கித் தரும். முழு போல்டரையும் ஒரு பென் டிரைவில் காப்பி எடுத்து, டாக்டரைப் பார்க்கப் போகும் பையில் வைத்து விடுங்கள்.

கால்க்கில் ஒரு பைல் திறந்து தேதி, எடை, சர்க்கரை அளவு, எத்தனை வேளை உணவு, மலம், காய்ச்சல், மாத்திரை என்று தலைப்புகள் கொடுங்கள். எடையை வாரம் ஒரு முறை, ஒரே நேரத்தில் பார்த்து எழுதினால் போதும். சில வாரங்கள் ஆனதும் எடை உள்ள செல்களைத் தேர்வு செய்து, இன்சர்ட் மெனுவில் சார்ட் கிளிக் செய்து கோட்டுப் படம் போடுங்கள். "கொஞ்சம் இளைத்து விட்டார்" என்று சொல்வதை விட, ஆறு வாரத்தில் 4 கிலோ குறைந்திருப்பதைக் காட்டும் படம் டாக்டருக்கு உடனே பயன்படும்.

தேடும்போது

* நோயின் முழுப் பெயரை ரிப்போர்ட்டில் உள்ளபடி ஆங்கிலத்தில் டைப் செய்திடுங்கள். அதனுடன் "ஆபரேஷன் செய்யப்பட்டது" என்ற பொருள் தரும் ரிசெக்டட் என்ற சொல்லையும் சேருங்கள். விடைகள் ஆபரேஷன் முடிந்தவர்களைப் பற்றியதாக மாறும்.

* பப்மெட் என்பது அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் நடத்தும் இலவசத் தளம். கட்டுரைச் சுருக்கத்தை யாரும் படிக்கலாம். எத்தனை பேர், எந்த நாடு, எந்த ஆண்டு, என்ன சிகிச்சை என்ற நான்கையும் குறித்துக் கொள்ளுங்கள்.

* தேடல் பக்கத்தின் உச்சியில் இப்போது ஏஐ தொகுத்துத் தரும் விடை வருகிறது. அதனோடு நிறுத்தாமல், அது காட்டும் லிங்க்கைத் திறந்து அந்த எண் யாரைப் பற்றியது என்று பாருங்கள்.

* "மூலிகையால் பத்தே நாளில் கட்டி கரையும்" என்று பணம் கேட்கும் தளங்களிலும் வாட்ஸ்அப் செய்திகளிலும் மயங்க வேண்டாம். வேறு மருந்து ஏதாவது எடுத்தால் கீமோ தரும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். சில மூலிகைகள் கீமோ மருந்தோடு மோதும்.

டாக்டரிடம் எடுத்துச் செல்ல ஏழு கேள்விகள்

இவற்றை டைப் செய்து, விடை எழுத இடம் விட்டு, பிரிண்ட் எடுத்துக் கொள்ளுங்கள்.

1. இது எந்த வகைக் கட்டி? எங்கே தோன்றியது?
2. எத்தனை நெறிக்கட்டிகளைப் பார்த்தீர்கள்? எத்தனையில் நோய் இருந்தது?
3. வெட்டிய ஓரம் ஆர்0வா, ஆர்1ஆ?
4. ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் சிஏ 19-9 எவ்வளவு?
5. எந்தக் கீமோ, எத்தனை சுற்று? எப்போது தொடங்கலாம்?
6. என்சைம் மாத்திரை தேவையா? எடை எவ்வளவு இருக்க வேண்டும்?
7. அடுத்த ஸ்கேன் எப்போது? எந்த அறிகுறி வந்தால் உடனே வர வேண்டும்?

இந்த ஏழுக்கும் விடை கிடைத்த பிறகு இன்டர்நெட்டில் தேடிப் பாருங்கள். இதே வகை, இதே நிலை, இதே சிகிச்சை பெற்றவர்களின் எண்ணை உங்களால் தேடி எடுக்க முடியும். அது 13ஐ விட மேலாகவும் இருக்கலாம், நாம் விரும்பாததாகவும் இருக்கலாம். எப்படி இருந்தாலும் அது பலருடைய கணக்கு. வீட்டில் இருக்கும் ஒருவர் அந்தப் படிக்கட்டில் எந்த இடத்தில் நிற்பார் என்பதை எந்தக் கம்ப்யூட்டரும் சொல்லாது.

ஒரு வேண்டுகோள். ஆபரேஷனுக்குப் பின் உடல் தேறி விட்டது என்றோ, பஸ் செலவை நினைத்தோ பரிசோதனைக்குப் போவதை நிறுத்தி விடாதீர்கள். நோய் திரும்பினால் சீக்கிரம் தெரிவதற்கு அதுவே வழி. வேறு பயனும் உண்டு. அடையாறு புற்றுநோய் மையம் 1981லிருந்து சென்னையின் புற்றுநோய்ப் பதிவேட்டை நடத்தி வருகிறது. பின்னர் மாநிலம் முழுவதற்குமான பதிவேடும் தொடங்கப்பட்டது. நாம் தேடும் எண்கள் இன்று பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் வருகின்றன. நம் ஊர் நோயாளிகள் தவறாமல் பரிசோதனைக்கு வந்தால்தான், நாளை நம் பக்கத்து மக்களுக்கு நம் பக்கத்து எண் கிடைக்கும்.